கடுங்கோபம் முதல் ஆற்றொணாத் துயரம் வரை: உணர்ச்சிப் பெயரடைகளைப் பிழையின்றி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

உணர்ச்சி கடுமையாக இருக்கும் இடத்தில் வாக்கியம் எழுத வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்: மனு எழுதுபவர், இரங்கல் செய்தி எழுதுபவர், பத்தாம் வகுப்புத் தேர்வில் கடிதமும் கட்டுரையும் எழுதும் மாணவர், முதல் சிறுகதையை முயல்பவர். வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் தட்டச்சும் அச்சு வடிவமைப்பும் செய்யும் கடை ஒன்றில் பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். மாலையில் அதே கடையின் பின்னறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தமிழ்ப் பாடத்துக்கு வந்து உட்காருகிறார்கள். வாடிக்கையாளரும் பிள்ளைகளும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். ‘கோபமான’, ‘ஆழ்ந்த’, ‘பயங்கரமான’, ‘அளவற்ற’ ஆகிய சொற்கள் எல்லாருக்கும் தெரிகின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. சொல்லின் கடுமையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த உணர்ச்சி யாருடையது என்பதைக் கடைசியில் தேடுகிறார்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று அதை விளக்கும் சொல்லைப் பெயரடை என்கிறோம். ‘ஆழ்ந்த’, ‘தீராத’ போன்றவை இலக்கணப்படி பெயரெச்சங்கள். ‘கடும்’, ‘பெரும்’ ஆகியவை பண்பைக் குறிப்பவை. வேலை ஒன்றே என்பதால் இங்கே அனைத்தையும் அடை என்றே அழைக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நடந்தது என்ன என்பதை ஒரே வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் படிக்கப் போகிறவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வட்டாட்சியருக்கு எழுதும் ‘கோபம்’ வேறு, நண்பனுக்கு எழுதும் ‘கோபம்’ வேறு. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு கூடிய தற்காலத் தமிழ் அகராதி ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது. பொருள் மட்டும் தரும் சிறிய அகராதி இந்த வேலைக்குப் போதாது. ஏனெனில் ‘ஆத்திரம்’ என்பதற்குக் ‘கோபம்’ என்று பொருள் தரும் அகராதி, எந்த இடத்தில் எதைப் போடலாம் என்பதைச் சொல்லுவதில்லை.

2. அடை இல்லாமல் வாக்கியத்தை முதலில் எழுதுக

பிள்ளை ஒருவன் கட்டுரையில் இப்படி எழுதினான்: ‘பயங்கரமான சந்தோஷமான அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார்.’ இரண்டு அடைகளையும் அடித்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். ‘அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார்.’ கட்டிப்பிடித்ததிலேயே மகிழ்ச்சி இருக்கிறது. முந்தைய பத்தியில் மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டதால் ஐயத்துக்கே இடமில்லை.

அடையை நீக்கிய பிறகும் வாக்கியம் முழுமையாக நின்றால், அடை தேவையில்லை. ‘மக்கள் சாலையில் அமர்ந்தனர்’ என்று எழுதினால், திருவிழாவுக்கா மறியலுக்கா என்ற கேள்வி எழுகிறது. அங்கே அடைக்கு வேலை இருக்கிறது: ‘ஆத்திரமடைந்த மக்கள் சாலையில் அமர்ந்தனர்.’ இந்தப் படியைத் தாண்டி நேரே அடையில் தொடங்குகிறவர்கள், பிறகு எந்த அடையையும் நீக்க மனம் வராமல் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

3. காண்டானவர் யார், காண்டேற்றியவர் யார்?

மொத்த வழிகாட்டியிலும் இதுதான் முதன்மையான படி. பிழைகளில் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது.

எங்கள் பகுதியில் ‘காண்டு’ என்றால் கோபம். ‘அவன் காண்டாயிட்டான்’ என்றால் கோபம் அவனுக்குள் இருக்கிறது. ‘அவன் காண்டேத்துறான்’ என்றால் கோபம் அடுத்தவருக்குள் இருக்கிறது, அவன் அதைக் கிளப்புகிறவன். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லும் ஐந்து வயதுக் குழந்தையைக்கூடத் தண்டையார்பேட்டையில் பார்க்க முடியாது. ஆனால் பேனாவை எடுத்தவுடன் அதே ஆள் ‘கோபமான செய்தி’ என்று எழுதுகிறார். செய்திக்குக் கோபம் வராது. அது கோபமூட்டும் செய்தி. ஆகவே அடையை எழுதுமுன் பேச்சுமொழியில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுகிறேன்: நான் அடை போடப் போகும் இந்தப் பெயர்ச்சொல், காண்டானதா, காண்டேற்றியதா?

சிக்கல் என்னவென்றால், ‘ஆன’ என்று முடியும் அடைகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்பதில்லை. ‘மகிழ்ச்சியான’, ‘சோகமான’, ‘வருத்தமான’ ஆகியவை இருபுறமும் போகும்: மகிழ்ச்சியான குழந்தை, மகிழ்ச்சியான நாள், வருத்தமான முகம், வருத்தமான செய்தி. ‘கோபமான’, ‘ஆவேசமான’ ஆகியவை உணர்பவரிடமும், அவருடைய முகம், குரல், பார்வை, கடிதம் போன்று உணர்ச்சியைத் தாங்கி வெளியே வருபவற்றிடமும் மட்டுமே சேரும். கோபமான பதில் என்று எழுதலாம். கோபமான விலைவாசி என்று எழுத முடியாது.

மூன்றாவது கூட்டம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. ‘பயங்கரமான’, ‘அருவருப்பான’, ‘ஆச்சரியமான’, ‘பரிதாபமான’ ஆகியவை காரணத்தின் பக்கம் நிற்பவை. ‘அருவருப்பான பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். கொருக்குப்பேட்டையில் கழிவுநீர் தேங்கிய தெருவைக் கடந்து போன பெண்ணைப் பற்றிய கதை அது. அவள் சொல்ல நினைத்தது, அந்தப் பெண் அருவருப்பு அடைந்தாள் என்பது. எழுதியதோ, பார்ப்பவருக்கு அந்தப் பெண்ணைக் கண்டால் அருவருப்பு வரும் என்பது. அருவருப்பு அடைந்த பெண், அல்லது அருவருப்பில் முகம் சுளித்த பெண் என்று எழுதினால் கதை சரியாகிவிடுகிறது.

‘பயங்கர’ என்பதற்குப் பயத்தை உண்டாக்குவது என்றுதான் பொருள். பயங்கரமான நாய் என்றால் கடிக்க வரும் நாய். பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய், பயந்த நாய். ‘பயங்கர சந்தோஷம்’, ‘பயங்கர டேஸ்ட்’ என்றெல்லாம் சென்னையில் பேசும்போது அது வெறும் ‘மிக’ என்ற பொருளில் ஓடுகிறது. பேச்சில் நானும் அப்படித்தான் பேசுகிறேன். மனுவிலும் தேர்வுத்தாளிலும் அது வந்தால், படிப்பவர் ஒரு நொடி பயத்தைத் தேடுவார்.

எந்தப் பக்கம் என்று ஐயம் வந்தால் ‘ஆன’ என்பதைக் கைவிட்டு, பக்கத்தைத் தெளிவாகக் காட்டும் ஈற்றைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. உணர்பவருக்கு ‘அடைந்த’, ‘உற்ற’, ‘கொண்ட’, ‘பட்ட’: ஆத்திரமடைந்த, துயருற்ற, வெறுப்புக் கொண்ட, கவலைப்பட்ட. காரணத்துக்கு ‘ஊட்டும்’, ‘தரும்’, ‘அளிக்கும்’: அச்சமூட்டும், எரிச்சல் தரும், அதிர்ச்சியளிக்கும். எல்லா ஈறும் எல்லா உணர்ச்சியோடும் ஒட்டாது என்பதையும் கவனிக்க வேண்டும். சந்தோஷப்பட்ட என்பது இயல்பு. ‘மகிழ்ச்சிப்பட்ட’ என்று யாரும் சொல்லுவதில்லை, மகிழ்ச்சியடைந்த என்றோ மகிழ்ந்த என்றோதான் வரும்.

உணர்பவர், காரணம் ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ஒன்று உண்டு: இயல்பு. கோபமான அப்பா இப்போது கோபத்தில் இருக்கிறார். கோபக்கார அப்பா எப்போதும் அப்படித்தான். பயந்த பையன் வேறு, பயந்தாங்கொள்ளிப் பையன் வேறு. உறவினரைப் பற்றிக் கடிதம் எழுதும்போது இதைக் குழப்பினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றபோது, வாழ்த்துப் பலகை அடிக்க இளைஞர்கள் சிலர் வந்தார்கள். ‘வெறித்தனமான வாழ்த்துகள்’ என்று மேலே போடச் சொன்னார்கள். வாழ்த்துக்கு வெறி பிடிக்காது என்று சொல்லி ‘நெஞ்சார்ந்த வாழ்த்துகள்’ என்று மாற்றிவிட்டு, கீழே அவர்கள் பெயர்களுக்கு மேல் ‘வெறித்தனமான ரசிகர்கள்’ என்று போட்டேன். அவர்களுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. வெறி அவர்களிடம்தானே இருந்தது.

4. கடுமையைப் பெயர்ச்சொல்லிலேயே தேடுக

உணர்ச்சி யாருடையது என்று தெரிந்த பிறகே அதன் அளவுக்கு வர வேண்டும். அளவைக் கூட்ட உடனே ‘மிகவும்’ என்று எழுதுவது சோம்பல். தமிழில் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் படிப்படியாக ஏறும் பெயர்ச்சொற்கள் இருக்கின்றன; சரியான படியில் நிற்கும் சொல்லை எடுத்தால் அடைக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

குடிநீர் பற்றிய மனுவையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் லாரி இரண்டு நாள் தாமதமாக வந்தால் அதிருப்தி. தொலைபேசியில் கேட்டால் யாரும் எடுப்பதில்லை என்றால் எரிச்சல். இரண்டு வாரம் வரவே இல்லை என்றால் கோபம். குழாயில் கழிவுநீர் கலந்து வந்து பிள்ளைகள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள் என்றால் ஆத்திரம். அந்த ஆத்திரம் குரலிலும் கையிலும் வெளிப்படும்போது ஆவேசம். ஆகவே ‘ஆவேசத்துடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று மனுவில் எழுதினால் படிப்பவர் கண்முன் கையை ஓங்கிய ஆள் வந்து நிற்பார். மனுவின் நோக்கம் அதுவாக இருக்காது.

மீனவர் ஒருவர் காசிமேட்டிலிருந்து வந்து, தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் நாளிலேயே வலை வெறுமையாகத் திரும்பியதை எழுதச் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காத்திருந்துவிட்டுக் கிடைத்த வெறும் வலை அது. ‘மிகவும் வருத்தம்’ என்று தொடங்கினோம். பேசப் பேச அது வருத்தமல்ல, ஏமாற்றம் என்று தெரிந்தது. அடுத்த வாரமும் அப்படியே என்றபோது விரக்தி என்ற சொல் பொருந்தியது. அதன் பிறகு அடையே தேவைப்படவில்லை.

இன்னொரு சொல்லை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ‘ஆத்திரம்’ என்பதற்கு அவசரம் என்ற பொருளும் பேச்சில் உண்டு; ‘ஆத்திர அவசரத்துக்கு’ என்கிறோம். ‘ஆத்திரமாக மருத்துவமனைக்கு ஓடினார்’ என்ற வாக்கியத்தை இருவர் இருவிதமாகப் படித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

5. அந்த உணர்ச்சியோடு பழகிய அடையைப் பிடிக்க வேண்டும்

பெயர்ச்சொல் முடிவான பின் அதற்குரிய அடை. இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, ஒரு நல்ல அடையைக் கண்டுபிடித்து அதை எல்லாவற்றுக்கும் போடுவது. ‘ஆழ்ந்த இரங்கல்’ நன்றாக இருக்கிறது என்பதால் ‘ஆழ்ந்த கோபம்’, ‘ஆழ்ந்த ஆத்திரம்’ என்று எழுதுகிறார்கள். இலக்கணத்தில் பிழையில்லை, ஆனாலும் காதில் ஒட்டாது.

காரணம் உண்டு. தமிழ் ஒவ்வோர் உணர்ச்சியையும் ஒரு பொருளாகவே பாவிக்கிறது. துயரம் நீர், அதில் ஆழ்கிறோம், மூழ்குகிறோம், கரை காணாமல் தவிக்கிறோம். ஆகவே ஆழ்ந்த துயரம், ஆழ்ந்த வருத்தம். கோபம் நெருப்பு, அது எரிகிறது, கொதிக்கிறது, தணிகிறது, ஆறுகிறது. ஆகவே தணியாத கோபம், ஆறாத சினம், கொதிக்கும் ஆத்திரம். மகிழ்ச்சி அளவுக்கு மீறிப் பொங்குவது. ஆகவே அளவற்ற, மட்டற்ற, எல்லையில்லாத மகிழ்ச்சி. அச்சம் பிடிக்கிறது, உலுக்குகிறது, உறையவைக்கிறது. ஆகவே குலைநடுங்க வைக்கும் அச்சம்.

‘ஆறாத’ என்பது மட்டும் இரு பக்கமும் போகும், அதுவும் வெவ்வேறு வழியில்: சூடு ஆறுவதால் ஆறாத சினம், புண் ஆறுவதால் ஆறாத துயரம். ஐயம் வரும்போது அந்த உணர்ச்சியோடு வரும் வினையைச் சொல்லிப் பார்த்தால் போதும். ‘கோபம் தணிந்தது’ என்கிறோம், ‘கோபம் வற்றியது’ என்று சொல்லுவதில்லை. எனவே வற்றாத கோபம் என்ற அடையும் நிற்காது.

‘கடும்’, ‘பெரும்’ ஆகிய இரண்டில் ‘பெரும்’ ஏறக்குறைய எல்லாவற்றோடும் சேரும்: பெருமகிழ்ச்சி, பெருந்துயரம், பெருங்கோபம். ‘கடும்’ துன்பம் தருபவற்றோடு மட்டும் இயல்பாகச் சேரும்; ‘கடும் மகிழ்ச்சி’ என்றால் சிரிப்புத்தான் வரும். ‘கழிபேருவகை’ (மிகப் பெரிய மகிழ்ச்சி) போன்ற பழைய சேர்க்கைகளைத் தேர்வுக் கட்டுரையில் ஒரு முறை போடலாம். மனுவில் போட்டால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று உடனே தெரிந்துவிடும்.

6. வடிவமும் ஒற்றும்

அடை முடிவான பிறகுதான் ஒற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலிலேயே யோசித்தால், ஒற்றுக்குப் பயந்து சொல்லை மாற்றுகிற பழக்கம் வந்துவிடும்.

‘தீராத துயரம்’ சரி. ‘தீராத் துயரம்’ சரி. ‘தீராதத் துயரம்’ பிழை. ‘தீரா துயரம்’ பிழை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன், ஏனெனில் கடைக்கு வரும் கையெழுத்துத் தாள்களில் நான்கும் சம உரிமையோடு வருகின்றன. ‘தீராத’ முழுமையான பெயரெச்சம். அதன் பின் வல்லினம் மிகாது. ‘தீரா’ என்பது கடைசி எழுத்துக் கெட்டு நிற்கும் எதிர்மறைப் பெயரெச்சம். அதன் பின் வல்லினம் மிகும். விட்டுப்போன ‘த’வின் இடத்தை ஒற்று வந்து பிடித்துக்கொள்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். இலக்கண ஆசிரியர்கள் இந்த விளக்கத்தை ஏற்பார்களா தெரியாது, பிள்ளைகள் மறப்பதில்லை.

அதே விதியால் ‘ஆழ்ந்த துயரம்’, ‘மிகுந்த கவலை’, ‘அளவற்ற களிப்பு’, ‘கடுமையான கோபம்’ ஆகியவற்றில் ஒற்று வராது. ‘கடுமையானக் கோபம்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. அது ‘கடுமையாகக் கோபித்தார்’ என்பதிலிருந்து தொற்றிக்கொண்டது. ‘ஆன’ என்பதன் பின் மிகாது. ‘ஆக’ என்பதன் பின் மிகும்.

‘கடும்’, ‘பெரும்’ ஆகியவை அடுத்த எழுத்துக்கு ஏற்பத் தம் மெய்யை மாற்றிக்கொள்ளும். கடுங்கோபம், கடுஞ்சினம், கடுந்துயரம். பெருங்கவலை, பெருஞ்சோகம், பெருந்துக்கம், பெரும்பீதி. மகரம் வந்தால் ஈற்று ‘ம்’ மறையும்: பெருமகிழ்ச்சி. உயிரெழுத்து வந்தால் ‘பெரும்’ என்பது ‘பேர்’ ஆகும்: பேரதிர்ச்சி, பேரச்சம், பேருவகை. ‘கடும் கோபம்’ என்று பிரித்து எழுதுவது இன்றைய அச்சில் வழக்கமாகிவிட்டது. அதை நான் திருத்துவதில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் ‘கடும் கோபம்’ என்றும் ‘கடுங்கோபம்’ என்றும் இரண்டும் இருந்தால் ஒன்றாக்கிவிடுவேன்.

7. அடை எந்தப் பெயரைப் பற்றிக்கொள்கிறது?

‘ஆத்திரமடைந்த மீனவர்களின் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள்.’ ஆத்திரமடைந்தது மீனவர்களா, பிள்ளைகளா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. தமிழில் அடை தன்னை அடுத்து வரும் பெயரை முதலில் பற்றும். ஆகவே பிள்ளைகள்தான் ஆத்திரமடைந்தார்கள் என்றால் அடையை அவர்களுக்குப் பக்கத்தில் கொண்டு போக வேண்டும்: ‘மீனவர்களின் பிள்ளைகள் ஆத்திரமடைந்து ஊர்வலம் போனார்கள்.’ இங்கே அடை வினையெச்சமாக மாறியதைக் கவனிக்க வேண்டும். அடையை நகர்த்த இடமில்லை என்றால் வினையின் பக்கம் அனுப்புவது எளிய வழி.

8. வாக்கியம் உணர்ச்சியில் முடியும்போது

‘கோபமான’ என்ற அடை வாக்கியத்தை முடிக்காது. முடிக்கும் வடிவங்கள் நான்கு உண்டு. நான்குக்கும் பொருள் வேறு. ‘அவருக்குக் கோபம் வந்தது’ என்றால் தொடக்கம். ‘அவர் கோபமாக இருக்கிறார்’ என்றால் நிலை. ‘அவர் கோபப்பட்டார்’ என்றால் வெளிப்பாடு. ‘அவருக்குக் கோபம் அதிகம்’ என்றால் இயல்பு. கதையில் சண்டைக் காட்சியை எழுதும் பிள்ளைகள் நிலையில் தொடங்கி, பிறகு தொடக்கத்துக்கு வருகிறார்கள். அதனால் ஏற்கெனவே கோபமாக இருந்தவருக்கு மறுபடி கோபம் வருகிறது.

அடுத்தது ‘நான்’, ‘எனக்கு’ என்ற குழப்பம். ‘நான் கோபமாக இருக்கிறேன்’, ‘எனக்குக் கோபமாக இருக்கிறது’ ஆகிய இரண்டும் சரி. மகிழ்ச்சிக்கும் அப்படியே. ஆனால் ‘நான் பயமாக இருக்கிறேன்’ என்று எழுத முடியாது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதே தமிழ். வெட்கம், அருவருப்பு, ஆச்சரியம் ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மூன்றாம் படியில் பார்த்த கதைதான் இது: காரணத்தின் பக்கம் நிற்கும் சொற்களை ‘ஆக’ சேர்த்து ‘நான்’ என்பதோடு கட்டினால், காரணமே நான் என்றாகிவிடும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பிழை அதிகம். அவர்கள் எல்லா உணர்ச்சிக்கும் ‘நான்’ என்றே தொடங்குகிறார்கள்.

முறையான எழுத்தில் ஐயம் வந்தால், ‘இல்’ சேர்த்த வடிவம் கைகொடுக்கும்: மக்கள் அச்சத்தில் இருக்கிறார்கள், குடும்பத்தினர் துயரத்தில் இருக்கிறார்கள்.

9. அடுக்காதிருக்க

ஒரு பெயருக்கு ஓர் உணர்ச்சி அடை போதும். எல்லையைத் தாண்டிவிட்ட சொல்லுக்கு மேல் ‘மிகவும்’ ஏறாது: ‘மிகவும் அளவற்ற மகிழ்ச்சி’, ‘மிகவும் பேரதிர்ச்சி’ ஆகிய இரண்டிலும் ‘மிகவும்’ வீண். அளவே இல்லாததை மிகுதியாக்க முடியாது.

10. எழுத்துப் பிழை: என் சொந்தக் கணக்கு

ஓர் இரவு பத்து மணிக்குமேல் கண்ணீர் அஞ்சலிப் பலகை ஒன்று அவசரமாக அடிக்க வந்தது. விடிந்தால் இறுதி ஊர்வலம். தேதி, பெயர், உறவினர் பட்டியல் எல்லாவற்றையும் இருமுறை பார்த்தேன். காலையில் தெருமுனையில் ஆளுயர எழுத்தில் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று தொங்கியது. அந்தத் தெருவின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதன் கீழே நின்று, ‘யார், எந்த ஸ்டாப்பில் இறங்கினாங்க?’ என்று கேட்டார். முக்காலியைப் போட்டு ஏறி, வெள்ளை ஸ்டிக்கரை ‘ற’வின் மேல் ஒட்டி, கறுப்பு மார்க்கரால் ‘ர’ எழுதினேன். அந்த ஒரு எழுத்து மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று நின்றது.

இரங்குதல் மனம் நெகிழ்தல். இறங்குதல் கீழே வருதல். எந்த மெய்ப்புத் திருத்தமும் அடைச்சொல்லில்தான் தொடங்க வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன், ஏனெனில் பழகிய தொடரைக் கண் படிப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. ‘சொல்லொணாத் துயரம்’, ‘ஆற்றொணாத் துயரம்’ ஆகியவற்றில் வருவது மூன்றுசுழி ‘ண’. ‘ஒண்ணாத’, அதாவது இயலாத என்பதன் சுருக்கம் அது. ‘அளவற்ற’ என்பதில் ‘அற்ற’ இருக்கிறது, ‘அளவட்ற’ இல்லை. ‘மனமார்ந்த’ என்பது மனம் நிறைந்த என்று பொருள்படும். ‘மனமாறிய’ என்று எழுதினால் மனம் மாறிவிட்டதாகிவிடும். ‘கோவம்’ பேச்சு, எழுத்தில் ‘கோபம்’.

11. ஒரு மனு, முதலிலிருந்து

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அடுத்த மாதம் அந்தப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து வயதான பெண்மணி ஒருவர் கடைக்கு வந்தார். ‘எங்க பொழப்பே போச்சு தம்பி. கோவம் தெரியணும். ஆனா படிக்கிற ஆபீசர் காண்டாவக் கூடாது’ என்றார். இந்த வழிகாட்டியை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் முதல் வரைவை அடித்தான்: ‘மிகவும் பயங்கரமான கோபமான, துயரமான மீனவ மக்களாகிய நாங்கள் தங்களிடம் கேட்டுக்கொள்வது யாதெனில்.’

எல்லா அடைகளையும் நீக்கினோம். நடந்ததை வரிசையாக எழுதினோம்: எண்ணெய் பரவியது, படகுகளும் வலைகளும் கறுத்துக் கிடக்கின்றன, தொழிலுக்குப் போக முடியவில்லை, கணக்கெடுக்க வந்தவர்கள் இவர் தெருவை விட்டுவிட்டார்கள். பிறகு எந்த உணர்ச்சி யாருடையது, எதனால் வந்தது என்று பிரித்தோம். தொழில் நின்றது ஓர் உணர்ச்சி. கணக்கில் விடப்பட்டது வேறோர் உணர்ச்சி. பையன் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கியதால்தான் மூன்று அடைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் வரைவு இப்படி வந்தது: ‘எண்ணெய் பரவிய நாள் முதல் எங்கள் படகுகளும் வலைகளும் பயன்படாமல் கிடக்கின்றன. தொழிலுக்குப் போக முடியாத நாங்கள் பெருங்கவலையில் இருக்கிறோம். இந்நிலையில், கணக்கெடுப்பில் எங்கள் தெரு முழுவதும் விடுபட்டுப் போனது எங்களுக்குக் கடுங்கோபத்தை உண்டாக்கியிருக்கிறது. எங்கள் தெருவையும் கணக்கில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

கோபம் உணர்பவர்களிடம் இருக்கிறது. காரணம் கணக்கெடுப்பு, அதிகாரியல்ல. ஆகவே படிப்பவர் காண்டாக வழியில்லை.

உரக்கப் படித்துக் காட்டினேன். ‘கடுங்கோபம்’ வந்த இடத்தில் தலையசைத்தார். ‘பெருங்கவலை’ வந்த இடத்துக்குத் திரும்பச் சொன்னார். ‘கவலையெல்லாம் எப்பவும் இருக்குறதுதான் தம்பி. இது பயம். ஆத்துல இனிமே மீனே வராதோன்னு பயம்.’

நான்காம் படியில் நான் தவறியிருந்தேன். ‘பெருங்கவலையில்’ என்பதை அடித்து, ‘ஆற்றில் இனி மீன் வருமா என்ற பேரச்சத்தில் இருக்கிறோம்’ என்று மாற்றி, மூன்று பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன்.